அப்பாவின் ஜாடி மரம்

அத்தியாயம் பதினொன்று

பெரியவள் மூன்றாவது முறையும் தோற்றுப்போனதைப் போன வாரம் பார்த்தோம். பார்க்காதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். பார்த்தவர்கள் அதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பெரியவளும் அவள் தங்கை சின்னவளும் அப்பா அம்மாவோடு வளர்ந்த பழைய வீட்டின் பின்பக்கம் ஒரு மரம் இருந்தது. பட்டையைச் சுரண்டினால் மஞ்சளாகக் கசியும். நாக்கில் பட்டால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது, அப்படி ஒரு கசப்பு. அந்த மஞ்சள்தான் கண் நோய்க்கு மருந்து. மரம் மரமாக வெட்டிச் சாய்க்காமல் அதை எடுக்க வழி உண்டா என்று தேடியது பெரியவள் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி. அவள் வீட்டு மரத்திலிருந்து ஒரு துளிரை நறுக்கிக்கொண்டு போய், சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஜெல்லின்மேல் வைத்தாள். துளிர் வீங்கியது, பொரிந்தது, செல் செல்லாகப் பெருகியது. இலை இல்லை, வேர் இல்லை. பார்த்தால் நனைந்த ரொட்டித்தூள் மாதிரி இருக்கும். ஆனாலும் அது உயிர். அந்த மரத்தின் உயிர்.

அப்புறம் அம்மா போனாள். வீடு விலைபோனது. வாங்கியவர் முதல் வேலையாக மரத்தை வெட்டினார். ஆக, அந்த மரத்தில் மிச்சம் இருப்பது இந்த ரொட்டித்தூள் மட்டும்தான்.

அதிலும் ஒரு சங்கடம். தூள் பெருகுகிறதே தவிர மருந்து சுரக்கவில்லை. 'ஆபத்து வருகிறது' என்று செல்லை நம்பவைத்து மருந்தைச் சுரக்கவைக்கிற திரவம் ஒன்று உண்டு. மல்லிகைப்பூ வாசம் அடிக்கும். அதைச் சொட்டுச் சொட்டாக மூன்று முறை விட்டுப் பார்த்துவிட்டாள் பெரியவள். செவிடன் காதில் ஊதின சங்குதான். இன்று மாலைக்குள் மருந்து இருப்பதைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை குடுவையையும் அவித்துக் கொட்டிவிட்டு அலமாரியை வேறு செடிக்குக் கொடுத்துவிடுவதாகக் கெடு வைத்திருக்கிறார் மேலாளர். எதைக் கண்டாலும் வெட்டு என்பதால் அவருக்குக் கம்பெனி முழுவதும் கத்தரி என்றே பெயர்.

இனி இன்றைய பொழுதுக்கு வருவோம்.

வளர்ப்பு அறையில் வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆட்டும் மேடைமேல் குடுவைகள் சளக் சளக்கென்று சுழன்றுகொண்டிருந்தன. சாயங்காலம் கொட்டப்போகிற செல்லுக்குக் காலையில் புது உணவு எதற்கு என்று வேறு யாராவது இருந்தால் கேட்டிருப்பார்கள். பெரியவள் கேட்கவில்லை. இன்றைக்கு மாற்றவேண்டிய நாள், மாற்றினாள்.

கண்ணாடித் தடுப்புக்குள் கையை விட்டு, இடுக்கியால் ஒவ்வொரு சிட்டிகையாகப் பிரித்தாள். வெள்ளையாகப் பொலபொலவென்று இருப்பது வலப்பக்கம், புதுக் குடுவைக்கு. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டி தட்டியது இடப்பக்கம், ஜாடிக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய முதல் அதிகாரி சொல்லிக்கொடுத்தது இது. "வெள்ளையா இருக்கறது வாலிபம். பழுப்பு கிழம். கிழத்தைக் கட்டிக்கிட்டு அழாதேம்மா, தள்ளு." உலகத்தில் இந்தத் தொழில் செய்கிற பாதிப் பேர் இப்படித்தான் பிரிக்கிறார்கள். வெள்ளைதான் சீக்கிரம் பெருகும், கண்ணுக்கும் அழகு.

இடப்பக்கத்து ஜாடியை அவித்துக் கொட்ட வேண்டும் என்பது விதி. மரம் வெட்டுப்பட்ட பிறகு பெரியவள் அதைக் கொட்டுவதில்லை. மிச்ச ஜெல்லின்மேல் வைத்து மூடி, அப்பாவுக்குக் கொடுத்துவிடுவாள். வீட்டை விற்ற வாரம் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "மரத்துல ஏதாவது இருக்காம்மா?" என்பதுதான். வேலைக்காகும் செல்லைக் கொடுக்க முடியாது, குப்பையைக் கொடுத்தாள். குப்பைக்குக் காவல் போடுகிற கம்பெனி உலகத்தில் உண்டா?

இடுக்கியின் நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது. காகிதத்தால் துடைத்தாள். காகிதத்தில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் அவளும் தங்கையும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மரத்தடியில்தான் கிடப்பார்கள். நகத்தால் பட்டையைக் கிள்ளிக் கிள்ளி, அந்தக் கையோடு வீட்டுக்குள் ஓடுவார்கள். சுவரெல்லாம் விரல் பதியும். "கையைக் கழுவிட்டுத் தொடுங்கடி. சுவர்ல எத்தனை மஞ்சக் கை பாரு, பேய் வீடு மாதிரி" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். கத்திவிட்டு அவளே ஈரத்துணியோடு வந்து துடைப்பாள். முழுசாக ஒருநாளும் போனதில்லை. வெள்ளை அடித்தாலும் அடியில் மங்கலாகத் தெரியும்.

மஞ்சள்தானே மருந்து.

பெரியவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். மஞ்சளாக இருப்பதை எல்லாம் கிழம் என்று ஒதுக்கி, வெளுத்ததை மட்டுமே பார்த்துப் பார்த்து வளர்த்தால் கடைசியில் என்ன மிஞ்சும்? மருந்தே சுரக்கத் தெரியாத கூட்டம்தான் மிஞ்சும். அதன் தலையில் மல்லிகைத் திரவத்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் என்ன வரும்? இத்தனை வருஷமாகத் தன் கையாலேயே, அதுவும் அவ்வளவு ஒழுங்காக, மருந்தை எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

குடுவை குடுவையாக மஞ்சளைத் தேடினாள். இன்றைக்கு இடப்பக்கம் ஒதுக்கியதையும் சேர்த்துக் கடுகளவுகூடத் தேறவில்லை. தேறியதெல்லாம் அப்பா வீட்டு ஜன்னலில் இருந்தது.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஏய், அப்பா ஜாடியெல்லாம் ஜன்னல்லதானே இருக்கு?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"எதுக்குக் கேக்கறே?"

"இருக்கா, இல்லையா?"

"கழுவிட்டிருக்கேன்," என்றாள் சின்னவள்.

*

சின்னவள் பல் செட்டுச் செய்கிறவள். அடுத்தவர் வாயை அச்சில் எடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, ஒரு பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே நூல் போகிற இடம்கூடத் தவறாமல் அமைக்கிறவள். அவள் வாயில் இருக்கும் நாக்குக்கு மட்டும் அந்த அளவெல்லாம் கிடையாது. அப்பா அவளோடுதான் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறார்.

பெரியவள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது, சமையல் மேடையில் துண்டு விரித்து ஜாடிகளைக் கவிழ்த்து வைத்திருந்தது. எல்லாம் பளிச்சென்று இருந்தன. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

"ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்றாள் பெரியவள்.

"எதைக் கேக்கணும்? ரெண்டுல கறுப்பா பூஞ்சை. ராத்திரியெல்லாம் அப்பாவுக்கு இருமல். பக்கத்துல படுத்திருக்கறவ நான். நீ ஞாயித்துக்கிழமை வந்து ஜாடியைக் குடுத்துட்டு, பெத்த பொண்ணுன்னு பேர் வாங்கிட்டுப் போயிடறே."

"ரெண்டுல பூஞ்சைன்னா ரெண்டைக் கொட்டு. எல்லாத்தையும் ஏன்டி கொட்டினே?"

"எனக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு தெரியுமா? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. அசிங்கமா."

"வீட்டையும் இப்படித்தானே துடைச்சு வெச்சே."

சொல்லியிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது. சின்னவள் குழாயை மூடினாள்.

"நான் வித்தேன்," என்றாள் மெதுவாக. "ஆமா, நான்தான் வித்தேன். முழங்கால் மடங்காத மனுஷனை அந்த ஒத்தை வீட்டுல விட்டுட்டு நீயும் போயிட்டே, நானும் போயிருக்கணும், அதானே? அம்மா விழுந்த அன்னிக்கு நாலு மணி நேரம் யாரும் பாக்கலை. அது உனக்கு ஞாபகம் இருக்கா? மரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கா?"

பெரியவளுக்கு ஞாபகம் இல்லாமலா? அதை நினைக்காமல் இருக்கத்தானே மரத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இதையும் கழுவணுமா?"

அப்பா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கையில் எடுத்தாலும் சீட்டு ஒட்டாமல் கீழே வைக்கமாட்டார். ஊறுகாய்ப் பாட்டிலில்கூட 'கவனமாகக் கையாளவும்' என்று எழுதியிருக்கும். ஜாடிகளிலும் அப்படித்தான். உள்ளே இருப்பது செத்துப்போனால் குப்பையில் போடமாட்டார், பால்கனித் தொட்டி மண்ணைக் கிளறிப் புதைப்பார். ஒரு ஜாடியின் சீட்டு உரிந்துபோயிருந்ததால் புதுச் சீட்டு எழுதுவதற்காக அதை மட்டும் எடுத்து வந்திருக்கிறார். அதனால் அது தப்பித்தது.

பெரியவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. பூஞ்சை இல்லை. ஓரமெல்லாம் பழுப்பு, நடுவில் நல்ல மஞ்சள். மூடியின் ஒட்டுத்தாள் பிரியவே இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவுக்கு விஷயத்தை விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நீ வேண்டாம்னு தள்ளினதுலதான் சரக்கு இருந்திருக்கு."

"ஆமாப்பா."

"படிச்ச பொண்ணு," என்று சின்னவள் வாசற்படியில் நின்றபடி சொன்னாள். ஆனால் குரலில் காரம் குறைந்திருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள இதை மெஷின்ல காட்டணும்பா. குடுங்க."

அப்பா கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காட்டணும்னா என்ன செய்வே?"

"பாதியை அரைப்பேன்."

"அரைச்சா உயிர் இருக்குமா?"

"அரைச்சது போச்சுப்பா. மீதியை வளர்ப்பேன்."

"இது ஒண்ணுதான் இருக்கு."

"தெரியும்பா. ஆனா இன்னிக்குக் காட்டலைன்னா அங்க இருக்கற அத்தனையையும் கொட்டிடுவாங்க. அப்புறம் இது ஒண்ணு மட்டும் இந்த ஜன்னல்ல எத்தனை நாளைக்கு வரும்? ரெண்டு மாசத்துல இதுவும் தொட்டிக்குத்தான் போகும்."

அப்பா ஜாடியைப் பார்த்தார். அம்மாவும் அன்றைக்கு இப்படித்தான் யோசித்தாள். முதல் துளிரை நறுக்கிய அன்று ஸ்டூல்மேல் ஏறி நின்று கிளையை வளைத்துப் பிடித்தவள் அம்மாதான். பெரியவள் கத்தியை எடுத்ததும், "இரு, இரு. இது வேண்டாம், இது இப்பதான் விட்டிருக்கு" என்று கிளையை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். அரை மணி நேரம் ஒரு துளிருக்காக மரத்தைச் சுற்றி வந்தார்கள். கடைசியில், "சின்னதா நறுக்குடி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பா. சின்னவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஒரு இலைக்கு இவ்வளவு கூத்தா?" என்று சிரித்தாள். அந்த மத்தியானம் அப்படியே இருந்திருக்கக்கூடாதா என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"மீதி திரும்பி வருமா?" என்று கேட்டார் அப்பா.

"வரும்பா. நானே கொண்டு வரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நானும் கூட வரேன். ரசீது வாங்காம சரக்கைக் குடுத்துப் பழக்கமில்லை," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

*

வாடகைக் காரில் ஜாடி அப்பா மடியிலேயே வந்தது. பழைய தெருவைத் தாண்டும்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வீடு இருந்த இடத்தில் ஆறு மாடிக் கட்டிடம். மரம் நின்ற இடத்தில் கார் நிறுத்துகிற கொட்டகை.

"உங்கம்மா அங்கதான் துணி உலர்த்துவா," என்றார் அப்பா. "மரத்துலேர்ந்து இந்தச் சுவருக்குக் கொடி. என் வெள்ளைச் சட்டையிலெல்லாம் மஞ்சக் கோடு இருக்கும். ஆபீஸ்ல கேலி பண்ணுவாங்க. வேற இடத்துல கட்டேன்னு வருஷக்கணக்கா சொன்னேன், கேக்கவே இல்லை."

"அந்தச் சட்டையெல்லாம் எங்கப்பா?"

"ஒண்ணு வெச்சிருக்கேன்," என்றார்.

வளர்ப்பு அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு எதிரில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். மேலங்கி மாட்டி, கை கழுவி, முகமூடி கட்டி, தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஜாடியைத் திறந்தாள். முகமூடியைத் தாண்டி அந்த வாசனை வந்தது. பச்சைக் கிளையை ஒடித்தால் வருகிற கசப்பு வாசனை. பொலபொல வெள்ளையில் இத்தனை வருஷமாக அது வந்ததே இல்லை, அதையும் அவள் கவனிக்கவில்லை.

பாதியை அரைக்கிற குழலுக்குள் போட்டாள். கண்ணாடிக்கு அப்பால் அப்பா கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது.

மீதியைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. இந்தச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சமாகத் தனியே விட்டால் பிழைக்காது. ஒன்று கசியவிடுகிற சத்தை இன்னொன்று குடித்துத்தான் வளரும், அதற்குக் கூட்டம் வேண்டும். இருப்பதோ அரை எலுமிச்சம்பழம். பெரியவள் யோசித்தாள். அப்புறம், மருந்துக்கு உதவாத அந்த வெள்ளைச் செல்லையே எடுத்து ஜாடி அடியில் மெத்தை மாதிரிப் பரப்பினாள். அதன்மேல் ஒரு வடிதாளை விரித்து, தாளின்மேல் மஞ்சள் துணுக்குகளை நெருக்கி வைத்தாள். கீழே இருப்பது ஊட்டும், மேலே இருப்பது குடிக்கும். இரண்டும் ஒரே மரம்தானே. இப்படி மூன்று ஜாடி போட்டாள். ஒன்று பூஞ்சை பூத்துப்போனாலும் இன்னொன்று நிற்கும் என்ற கணக்கு. மூன்றில் ஒன்று அப்பாவுக்கு.

அரைத்ததை வடிகட்டி, மருந்தை அளக்கிற மெஷினுக்குள் விட்டபோது கத்தரி வந்து பின்னால் நின்றார். திரையில் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் செல் என்றால் கடைசிவரை அப்படியே போகும். பெரியவள் நகத்தைக் கடித்தாள். மஞ்சள் மருந்து எழும்பவேண்டிய இடம் வந்தது. கோடு எழும்பியது. எழும்பி, திரையின் மேல் விளிம்பைத் தொட்டு, அதையும் தாண்டிப் போனது.

கத்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது மல்லிகைத் திரவம் விட்டதா?"

"இல்லை சார். சும்மா இருந்தது."

"சும்மா இருக்கும்போதே இவ்வளவுன்னா, விட்டா?"

"இன்னும் பல மடங்கு ஏறும் சார். இதுக்குக் காது கேக்கும்."

"கெடுவை மறந்துடுங்க," என்றார் கத்தரி. "ஒரு அறை முழுக்க இதுக்கே தரேன். எவ்வளவு இருக்கு?"

"ஜாடியில போட்டு வெச்சிருக்கேன் சார். கொஞ்சம்தான்."

"எங்க கிடைச்சுது?"

பொய் சொல்லத் தெரியாதவள். "எங்கப்பா வீட்டு ஜன்னல்ல," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. யோசித்தார்.

"இன்னிலேர்ந்து இந்தச் செல் ஒரு சிட்டிகைகூட வெளியே போகக்கூடாது. வாசல்ல எல்லார் பையையும் திறந்து பாக்கச் சொல்றேன். போட்ட ஜாடியெல்லாம் பூட்டு அறைக்குப் போகணும். நான் வந்து எண்ணிக்கை எழுதிக்கறேன்."

"சார், ஒண்ணை மட்டும் எங்கப்பாவுக்கு... வாக்குக் குடுத்திருக்கேன். இத்தனை நாள் குப்பைன்னுதான் எடுத்துக்கிட்டுப் போனேன்."

"இத்தனை நாள் குப்பை. இன்னிக்கு இல்லையேம்மா," என்றார். நியாயமாகத்தான் சொன்னார். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. கல்மனசுக்காரர் என்றால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

*

வெளியே வந்தபோது அப்பா பக்கத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போய், முடித்து, நேரே வந்திருக்கிறாள். தோளில் கைப்பை, மடியில் அவள் தொழில் பெட்டி.

"அப்பாவை யாரு கூட்டிட்டுப் போறது? அதான் வந்தேன்," என்றாள். யாரும் கேட்கவில்லை.

பெரியவள் அப்பா முன்னால் குந்தி உட்கார்ந்து, கோடு எழும்பியதைச் சொன்னாள். கெடு போனதைச் சொன்னாள். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்புறம் மற்றதையும் சொன்னாள். ஒரு சிட்டிகையும் வெளியே வராது என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி விடு," என்றார் அப்பா. "மரம் பிழைச்சுதில்ல? அது போதும். எங்க இருந்தா என்ன."

"நான் சத்தியம் பண்ணினேனேப்பா."

"பார்சல் சில சமயம் வேற ஸ்டேஷன்ல இறங்கிடும். தொலைஞ்சாத்தான் தப்பு," என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் கொண்டுவந்து கொடுத்த காலி ஜாடியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், சின்னவளிடம் நீட்டினார்.

"இதையும் கழுவி வெச்சிடும்மா. இனிமே வேண்டியிருக்காது."

சின்னவள் அதை வாங்கவில்லை. அவள் உதடு ஒருமுறை நடுங்கியது. பெரியவள் அவளை அப்படிப் பார்த்தது அம்மா போன அன்றைக்குத்தான்.

"அக்கா, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"வளர்ப்பு அறையைத் தாண்டி, அந்த நடையில."

"ஜாடியெல்லாம்?"

"அங்கதான் தள்ளுவண்டியில இருக்கு. பூட்டு அறைச் சாவி வாங்கப் போகணும்." சொல்லிவிட்டுப் பெரியவள் சாவிக்காக மாடிக்குப் போனாள். சாவி இருந்த மேசைக்காரர் நாலு கையெழுத்துக் கேட்டார். போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

நாற்காலிகள் காலியாக இருந்தன. தள்ளுவண்டியில் இரண்டு ஜாடிகள் இருந்தன.

பெரியவள் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். அப்புறம் நடையின் கடைசியில் இருக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே வாசலில் காவலாளி சின்னவளை நிறுத்தியிருந்தார். கைப்பையைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் காட்டினார். சின்னவள் தாராளமாகத் திறந்து காட்டினாள். காவலாளி உள்ளே எட்டிப் பார்த்த வேகத்தில் ஒரு அடி பின்னால் போனார். மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக ஏழெட்டுப் பேர் வாய் அவரைப் பார்த்து இளித்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டி ஏதோ விளக்கம் வேறு சொன்னாள். வேண்டாம், மூடுங்கள் என்று அவர் கையை ஆட்டுவது மேலேயிருந்தே தெரிந்தது.

தெருவுக்குப் போனதும் சின்னவள் பெட்டியை அப்பாவிடம் கொடுத்தாள். கனமான பெட்டி, முழங்கால் வலிக்காரர். ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கி, சாயாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கார் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். சின்னவள் மேலே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் உள்ள வெச்சாச்சா?" கத்தரியின் குரல். கையில் பேனாவோடு தள்ளுவண்டி அருகில் நின்றார். "எத்தனை ஜாடி போட்டீங்க?"

எண்ணிக்கையில் பெரியவள் இதுவரை யாரிடமும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அதனால்தான் அவளிடம் யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

"ரெண்டு சார்," என்றாள்.

கத்தரி எழுதிக்கொண்டார். "நல்லது. நடையில கேமரா இருக்கு, நாளைக்குக் காலையில செக்யூரிட்டி ஆபீசர் வந்து இன்னிக்குப் பதிவைப் பாப்பார். புதுச் செல் ஒண்ணு சேர்ந்தா அதுதான் முறை. நீங்களும் கூட இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் இரண்டு ஜாடிகளையும் பூட்டு அறையில் வைத்துப் பூட்டினாள். வேலை போகலாம், பெயரும் சேர்ந்து போகலாம். இதெல்லாம் அந்த அசட்டுப் பெண்ணுக்குத் தெரியுமா? கார் வீடு போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்டு, திருப்பிக் கொண்டு வா என்று சொல்லிவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது.

போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது.

"அக்கா," என்றாள் சின்னவள். குசுகுசுவென்று பேசினாள். "அப்பா பெட்டியை மடியிலேர்ந்து இறக்கவே மாட்டேங்கறார். திறந்து திறந்து பாக்கறார். ஒண்ணு சொல்லு, இதை எங்க வைக்கணும்? வெயில்லயா, நிழல்லயா? தண்ணி ஊத்தணுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லு, நான் பாத்துக்கறேன்."

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். திருப்பிக் கொண்டு வா என்று சொல்லத்தான் போனை எடுத்திருந்தாள்.

"நிழல்ல வை," என்றாள். "ஜாடி மூடியைத் திறக்கக்கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லு."